பதிவேட்டில் "திண்டிவனம்" என்று இருந்தால் அது எந்த ஊர்?

கொள்ளுத்தாத்தா திண்டிவனத்துக்காரர், இல்லேன்னா விழுப்புரத்துக்காரர்னு சொல்லிக்கிட்டு டர்பன்ல, மொரீஷியஸ்ல, ரியூனியன் தீவுல எத்தனையோ குடும்பங்கள் இருக்கு. ஊர் தேடி வர்றவங்க நேரா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குறாங்க. அதுக்கப்புறம் எங்க போறது, யாரைக் கேக்குறது? இந்தக் காணொளி அவங்களுக்காக. இங்கேயே இருக்கிற நமக்காகவும்தான்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸ்ல இருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. கரும்புத் தோட்டத்துல உழைக்கிறோம்னு ஒப்பந்தத்துல கைநாட்டு வச்ச சனங்க அதுல இருந்தாங்க. 1911 வரைக்கும் இப்படி டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு மட்டும் போனவங்க 1,52,000-க்கும் மேல. அதுல பெரும்பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாப் போனவங்க. நடுவுல 1876-78 தாது வருஷப் பஞ்சம் வேற. சோத்துக்கு வழியில்லாம கப்பல் ஏறினவங்களைத்தான் பிற்பாடு ஏட்டுல 'கூலி'ன்னு ஒரே வார்த்தையில எழுதி முடிச்சாங்க.

ஆனா அந்த ஏட்டுலயே வேற விவரங்களும் இருக்கு. நேட்டால் கப்பல் பட்டியல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் உண்டு. அதோட பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு, மச்சம் வரைக்கும் எழுதியிருப்பாங்க. அதனால நான் அழுத்திச் சொல்றது இதுதான்: தேடலை விழுப்புரத்துல ஆரம்பிக்காதீங்க, அந்த எண்ணுல ஆரம்பிங்க. நேட்டால் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. மொரீஷியஸ்னா மோக்காவுல இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனம். 1860-களுக்குப் பிறகு போன பல பேரோட புகைப்படம்கூட அங்க உண்டு. ஃபிஜிக்கு மெட்ராஸ்ல இருந்து ஆள் போனது 1903-ல இருந்துதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி குடியேற்றச் சீட்டு இருக்கு. பாட்டிக்கும் தனி எண் இருக்குங்கறதை மறந்துடாதீங்க. தாத்தாவை மட்டுமே தேடிப் பாதிக் குடும்பத்தைத் தொலைக்கிறவங்கதான் அதிகம்.

சரி, பதிவு கிடைச்சாச்சு. 'தென்னார்க்காடு ஜில்லா, திண்டிவனம்'னு இருக்கு. இங்கதான் நிறைய பேரு வழி தவறுறாங்க. அது பெரும்பாலும் டவுன் இல்ல, தாலுகா. அந்தக் காலத்துத் திண்டிவனம் தாலுகா இன்னிக்கு இருக்கறதைவிடப் பெரிசு. செஞ்சிக்கோட்டையே அதுக்குள்ளதான் இருந்துச்சு. விக்கிரவாண்டி அப்போ விழுப்புரம் தாலுகாவோட சேர்ந்திருந்துச்சு. தென்னார்க்காட்டுக்குத் தலைநகரம் கடலூர். அதுல இருந்து விழுப்புரம் மாவட்டம் தனியாப் பிரிஞ்சதே 1993-லதான். இன்னிக்கு இருக்கிற வரைபடத்தை வச்சுக்கிட்டுத் தேடினா பாதிக் கிராமம் கண்ணுல படாமப் போயிடும். 1878-ல கார்ஸ்டின் எழுதின தென்னார்க்காடு கையேடு, 1906-ல பிரான்சிஸ் எழுதின கெசட்டியர் ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டாத்தான் பழைய எல்லை பிடிபடும்.

வெறும் 'ஆற்காடு'ன்னு மட்டும் இருந்தா வடக்கா, தெற்கான்னே தெரியாது. 'மெட்ராஸ்'னு இருந்தா அது கப்பல் ஏறின இடமாத்தான் இருக்கலாம், பொறந்த ஊருன்னு நம்பிடாதீங்க. 'பாண்டிச்சேரி'ன்னு இருந்தா இன்னும் எச்சரிக்கையா இருக்கணும். திண்டிவனமும் விழுப்புரமும் பாண்டிக்கு எட்டுற தூரம்தானே? பாண்டியை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க பிரிட்டிஷ் எல்லைக்குள்ள ஆள் சேர்க்க முறையான அனுமதி வந்தது 1860-61 ஒப்பந்தத்துக்குப் பிறகு. அதுக்கு முன்னாடியே இந்தப் பக்கத்து சனங்களை ஓசைப்படாமக் கூட்டிட்டுப் போய்ப் பாண்டியில கப்பல் ஏத்தினாங்க. ரியூனியன், மார்ட்டினிக், குவாதலூப் போனவங்களோட ஏட்டுல பாண்டிச்சேரின்னு இருக்கறதால அவங்க பாண்டிக்காரங்கன்னு முடிவு கட்ட முடியாது.

அடுத்து கிராமத்துப் பேரு. கப்பல் ஏறுறவங்களைத் தங்க வச்சிருந்த மெட்ராஸ் டிப்போவுல உட்கார்ந்திருந்த குமாஸ்தா காதுல விழுந்ததை இங்கிலீஷ் எழுத்துல எழுதினாரு. அந்த எழுத்தைக் கண்ணால படிக்காதீங்க, இந்த ஊர்க்காரர் ஒருத்தரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. நம்ம பக்கம் 'பாக்கம்', 'நல்லூர்', 'புதூர்', 'குப்பம்'னு முடியற ஊரு எத்தனை! ஒரே பேருல ரெண்டு மூணு கிராமம் இருக்கும். ஒண்ணு பொருந்தின உடனே மாலை வாங்கிட்டுக் கிளம்பிடாதீங்க. தாலுகாவும் பொருந்தணும், அப்பா பேரும் பொருந்தணும்.

டர்பன்ல 'படையாட்சி', 'கவுண்டர்' எல்லாம் இன்னிக்குக் குடும்பப் பேரா ஆயிடுச்சு. அதை மட்டும் வச்சு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. சாதி கட்டத்துல இருக்கறதும் குமாஸ்தா எழுதினதுதான். கப்பல் ஏறினதே பழைய அடையாளத்துல இருந்து தப்பிக்கத்தான்னு நினைச்சு மாத்திச் சொன்னவங்களும் உண்டு. அவங்க அப்படிச் செஞ்சதை நாம மதிக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தடயம் சாமிதான். செஞ்சியைச் சுத்தித் திரௌபதி அம்மன் வழிபாடு எவ்வளவு ஆழமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். பாரதம் படிக்கிறது, கூத்து, தீமிதி. ஹில்டபைட்டல்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல அதைப் பத்திப் பெரிய புத்தகமே கொண்டு வந்தாரு. அதே திரௌபதிக்கு ரியூனியன் தீவுல இன்னிக்கும் தீ மிதிக்கிறாங்க. தாய்மொழி நாக்குல இருந்து போன பிறகும் தீக்குழி போகல! ஆனா இது வட்டாரத்தைத்தான் காட்டும். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கமும் இதே அம்மன் உண்டு. வீட்டுல கும்பிடுற குலதெய்வத்தோட பேரு தனியா ஏதாவது இருந்தா, அதைக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கிராமத்துக்கிட்ட கொண்டு போய் விடுறது அதுதான்.

கடைசியா நிலப் பதிவேடு. சர்வே செட்டில்மெண்ட் ஏடுகளை எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல கேக்கலாம். ஆனா கப்பல் ஏறினவங்கள்ல நிறைய பேருக்குப் பட்டாவே கிடையாது. ஏட்டுல பேரு இல்லேன்னா அவர் இந்த ஊர்ல இல்லவே இல்லன்னு அர்த்தமாகாது. ஊர்ல தங்கிட்ட அண்ணன் தம்பி பேரு எங்கயாவது வருதான்னு பாருங்க. சில தேடல் தாலுகாவோட நின்னுடும். அப்ப அதோட நிறுத்திக்கிறதுதான் நேர்மை. பொய்யா ஒரு ஊரைச் சொந்தம் கொண்டாடறதைவிட, 'திண்டிவனம் தாலுகா'ன்னு உண்மையாச் சொல்லிக்கிறது மேல்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கம் இருந்து பார்க்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பெரிய தாத்தாவோட தம்பி கப்பல் ஏறிப் போனாரு, திரும்பி வரவே இல்ல'ன்னு உங்க வீட்டுல யாராவது சொல்லிக் கேட்டிருந்தா, அந்தப் பேரு, அவரோட அப்பா பேரு, குலதெய்வம் மூணையும் இன்னிக்கே பெரியவங்கக்கிட்ட கேட்டு எழுதி வைங்க. வெளிநாட்டுல இருந்து தாளோட யாராவது தெருவுல வந்து நின்னா, உட்கார வச்சுப் பேசுங்க. கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும், ஊர்ல வயசான ஒருத்தர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க.