மின்திருக்கையும் சில கடிதங்களும்

கோவளம், மாமல்லபுரம் கடலோரத்தின் மணல் தரையில் புதைந்து வாழும் மீன்களில் மின்திருக்கையும் ஒன்று. தட்டையான, வட்டமான உடல். வலையில் சிக்கியதை ஈரக் கையால் எடுத்தால் சுரீரென்று கையைச் சுண்டி இழுக்கும். விரல்கள் சற்று நேரம் மரத்துப்போகும்.

அந்த அதிர்ச்சி மின்சாரம்தானா? 18ஆம் நூற்றாண்டு அறிஞர்களைக் குடைந்த கேள்வி இது. அன்று மின்சாரம் என்றால் கண்ணாடியைத் தேய்த்து உண்டாக்கி, லேடன் ஜாடியில் சேர்த்து வைப்பதுதான். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் மீனிடம் அது எப்படித் தங்கும்?

விடை தேடியவர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1726இல் பிறந்த ஜான் வால்ஷ். 1752இல் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்த ராபர்ட் கிளைவிடம் பின்னாளில் செயலராக இருந்தவர். இங்கிலாந்து திரும்பிய பின், 1772இல் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரைக்குப் போனார். எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் குறிப்பு எழுதித் தந்தார்.

ஈரத் துணிமேல் மீனைக் கிடத்தினார் வால்ஷ். எட்டுப் பேர் வரை வரிசையாக நின்று, இடையிடையே வைத்த தண்ணீர்க் கிண்ணங்களில் விரல் நனைத்தார்கள். கம்பி வழியாக மீனின் முதுகும் வயிறும் அந்த வரிசையின் இரு முனைகளோடு சேர்ந்தன. எல்லோருக்கும் ஒரே நொடியில் ஷாக் அடித்தது. நடுவில் கண்ணாடியோ அரக்கோ வந்தால் ஒன்றுமில்லை. இந்த முடிவுகளை 1773இல் பிராங்க்ளினுக்கு எழுதிய கடிதமாகவே ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். மீனை அறுத்துப் பார்த்த ஜான் ஹண்டர், தலையின் இருபுறமும் உள்ள உறுப்பு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 470 தூண்களைக் கண்டார். ஒவ்வொரு தூணும் மெல்லிய தகடுகளின் அடுக்கு.

ஆனாலும் பொறி பறக்கவில்லையே என்று சிலர் மறுத்தார்கள். அதற்கு ஹென்றி கேவண்டிஷ் சொன்ன பதில்தான் இந்தக் கதையிலேயே அருமையானது என்பேன். மின்சாரத்தின் அளவு வேறு, அதன் அழுத்தம் வேறு. அளவு மிகுந்து அழுத்தம் குறைந்தால் பொறி தாவாது, ஷாக் மட்டும் அடிக்கும் என்றார். சொன்னதோடு நிற்காமல், தோலாலும் உலோகத் தகட்டாலும் செயற்கைத் திருக்கை செய்து, உப்புநீரில் மூழ்கவைத்து, பல லேடன் ஜாடிகளோடு இணைத்தார். 1775இல் ஹண்டர், பிரீஸ்ட்லி முதலியோர் அதைத் தொட்டு அதிர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரோனெய்ன், அதுவரை நம்ப மறுத்தவர்.

1800இல் இத்தாலியிலிருந்து வோல்ட்டா, ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என மாற்றி மாற்றி அடுக்கினால் ஓயாமல் மின்சாரம் வருகிறது என்றார். உலகின் முதல் பேட்டரியான அந்த அடுக்கைத் திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு, செயற்கை மின்னுறுப்பு என்றே பெயரிட்டார்.