நுவரெலியா என்னும் மலைநகர்

ஈழத் திருநாட்டின் நடுவண் ஓங்கி நிற்கும் மலைத்தொகுதியிலே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில், நாற்புறமும் குன்றுகள் காவல் செய்யக் கிடக்கும் ஒரு சிறு சமவெளியே நுவரெலியா. கண்டியிலிருந்து ஏறக்குறைய 48 மைல் தெருவழியே மலையேறிச் செல்வோர் இந்நகரை அடைவர். புகையிரதத்தில் வருவோர் நானுஓயா நிலையத்தில் இறங்கி, எஞ்சிய ஐந்து மைல் அளவான தூரத்தை மோட்டார் வண்டியிற் கடப்பர். வெயிலும் மணலும் பழகிய வடபாற் பிள்ளைகளாகிய எமக்கு அங்குள்ள குளிர் முதல்நாளிற் பெரும் புதுமையாகவே தோன்றும். ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை சென்டிகிரேட் அளவினதே. தை, மாசி மாதங்களிற் சில விடியற்பொழுதுகளிற் புல்நுனிகளில் உறைபனி படிதலும் உண்டு.

இந்நகர்க்கு வழங்கும் பெயர்கள் மூன்று. சிங்கள மொழியிலே 'நுவர எளிய' என்பர். ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' எனச் செல்லப் பெயரிட்டனர். தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் நாவிலோ அது 'நூரளை' ஆயிற்று. ஒரே ஊருக்கு மூன்று பெயர் வந்தமை தற்செயலன்று. ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு வரலாறு உளது. அவற்றுள் இரண்டை வழிகாட்டி நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. மூன்றாவதைக் கூறுவன சிலவே. மூன்றையும் ஒருங்கே நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுவர எளிய

'நுவர' என்பது நகர். 'எளிய' என்னும் சொல்லுக்கு ஒளி எனவும், காட்டின் நடுவே உள்ள வெட்டவெளி எனவும் இரு பொருள் உண்டு. 'ஒளிநகர்' எனப் பொருள் கூறுவோரே பலர். ஆயினும் அடர்ந்த காட்டின் இடையே திறந்து கிடக்கும் இச்சமவெளியை நோக்குமிடத்து, 'வெளியிலமைந்த நகர்' என்னும் பொருளே பொருத்தமுடையதென எமக்குப் படுகின்றது.

நகரிலிருந்து பதுளைத் தெருவில் மூன்று மைல் அளவிற் சென்றால் சீதா எளிய என்னும் இடம் வரும். இராவணன் சீதாபிராட்டியைச் சிறைவைத்த அசோகவனம் இப்பகுதியே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அங்கே சலசலத்தோடும் அருவியின் கரையிற் சீதையம்மன் கோயில் அமைந்துள்ளது. அருவியின் நடுவே உள்ள பாறையிற் காணப்படும் பள்ளங்களை அனுமன் பாதச் சுவடுகளெனக் கூறி அடியார் வணங்குவர். 2024 ஆம் ஆண்டு வைகாசியில் இக்கோயிலின் மகா கும்பாபிஷேகம் சிறப்புற நிகழ்ந்தது. அயோத்தியிலிருந்து சரயு நதியின் தீர்த்தமும் கொண்டுவரப்பட்டது.

சின்ன இங்கிலாந்து

ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய 1815 ஆம் ஆண்டின் பின்னர், 1819 அளவில் இச்சமவெளி அவர்தம் கண்ணிற் பட்டது. படை வைத்தியராகிய ஜோன் டேவி என்பார் 1821 இல் வெளியிட்ட தமது நூலில் இதன் குளிர்ச்சியையும் அழகையும் குறித்துள்ளார். 1820களின் பிற்பகுதியிலே தேசாதிபதி சேர் எட்வேட் பார்ண்ஸ் இவ்விடத்தைக் கோடைவாசத் தலமாக்க முயன்றார். வெப்பநோயால் மெலிந்த படைவீரர் உடல் தேறுதற்கு ஒரு நிலையமும் தமக்கொரு மாளிகையும் அவர் அமைப்பித்தார். அம்மாளிகையே பிற்காலத்திற் பெருக்கப்பட்டு இன்றைய 'கிராண்ட் ஹொட்டேல்' ஆயிற்று.

எனினும் இதனை ஓர் ஆங்கிலக் கிராமமாகக் கனவு கண்டவர் சாமுவேல் பேக்கர் என்பவரே. பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ் பெற்ற பேக்கரும் இவரே. வேட்டையாட வந்து நோயுற்ற அவர், நுவரெலியாவில் இரு வாரம் தங்கி நலம் பெற்றார். அம்மகிழ்ச்சியில் 1848 இல் இங்கிலாந்திலிருந்து உழவர், கொல்லர், பசு, ஆடு, வேட்டைநாய், விதை, கலப்பை என யாவற்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அவருடைய வண்டியோட்டி இறம்பொடைக் கணவாயிற் குதிரை வண்டியைப் பள்ளத்தில் வீழ்த்திய கதையை அவரே தமது நூலில் நகைச்சுவை ததும்ப எழுதியுள்ளார். காட்டை வெட்டி, மண்ணுக்கு உரமிட்டு, உருளைக்கிழங்கும் மேனாட்டு மரக்கறிகளும் பயிரிட அவர் பட்ட பாடு சிறிதன்று. இன்று எம் சந்தைகளுக்கு லொறி லொறியாக வந்து சேரும் கரட், லீக்ஸ், கோவா என்பவற்றின் மலைநாட்டுப் பயிர்ச்செய்கைக்கு அவரை ஒரு முன்னோடி எனலாம்.

அவருக்குப் பின் நகர் விரைந்து வளர்ந்தது. 1873 இல், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில், நகரின் தாழ்ந்த சதுப்புநிலம் நீர்தேக்கப்பட்டுக் கிரகரி வாவி ஆயிற்று. 1876 இல் 'ஹில் கிளப்' என்னும் துரைமார் சங்கமும், 1889 இற் கொல்வ் விளையாட்டுச் சங்கமும் தோன்றின. செங்கல்லாற் கட்டிய தபாற்கந்தோர் 1894 இல் எழுந்தது. கூரான கூரையும் மணிக்கூட்டுக் கோபுரமும் உடைய அக்கட்டிடம் இன்றும் நகரின் அடையாளமாய் நிற்கின்றது. 2023 இல் அதனை உல்லாச விடுதியாக்கும் யோசனை எழுந்தபோது தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்து எதிர்ப்புத் தெரிவித்தமை குறிப்பிடத்தக்கது. விக்ரோறியா மகாராணியாரின் அறுபதாண்டு ஆட்சி விழாவை நினைவுகூர 1897 இல் அமைந்ததே விக்ரோறியாப் பூங்கா. நகரின் நடுவே உள்ள இப்பூங்காவுக்கு மாரிகாலத்திற் காஷ்மீர நாட்டுச் சிறு பறவைகளும் வந்து தங்குதலால், பறவை நோக்குவோர் இதனைப் பெரிதும் நாடுவர்.

காணத்தக்கன

முதலாவது, நகர்க்கு வடபால் எழுந்து நிற்கும் பீதுருதாலகாலை. 8,281 அடி உயரமுடைய இதுவே இலங்கையின் மிக உயர்ந்த சிகரம். உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் நிற்கின்றது.

இரண்டாவது, ஆறு மைல் தொலைவிலுள்ள ஹக்கலைப் பூந்தோட்டம். 1861 இல் இது தொடங்கப்பட்டது பூவுக்காக அன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தைப் பரிசோதித்து வளர்ப்பதற்காகவே. இன்று அங்கே உரோசாவும் பன்னமும் பலநிற மலர்களும் படிப்படியாய் மலைச்சரிவில் நிற்கும் காட்சி கண்கொள்ளாதது.

மூன்றாவது, ஹோட்டன் சமவெளி. 7,000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் இப்புல்வெளியில் மரைகள் கூட்டமாய் மேய்வதைக் காணலாம். மகாவலி, களனி, வளவை என்னும் பேராறுகளுக்கு நீர் ஊட்டும் மலைகளுள் இதுவும் ஒன்று. இதன் தென்விளிம்பிலே நிலம் திடீரென அற்று, 2,800 அடிக்கு மேற்பட்ட பாதாளமாய் வீழ்கின்றது. 'உலக முடிவு' என அவ்விடத்துக்குப் பெயர். முற்பகல் ஏற ஏற மூடுபனி எழுந்து காட்சியை மறைக்குமாதலால், விடியற்காலையிலேயே அங்குச் சேர்தல் நன்று. 1988 இல் தேசிய வனமாக்கப்பட்ட இச்சமவெளி, 2010 இல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாயிற்று.

சித்திரை மாதம் இந்நகரின் விழாக்காலம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் ஓட்டப்போட்டி எனத் தெருவெங்கும் சனத்திரள். அமைதியை விரும்புவோர் அம்மாதத்தை விலக்கிச் செல்வது நலம்.

நூரளை

இனி மூன்றாவது பெயரின் வரலாற்றுக்கு வருவோம். நகரைச் சூழ்ந்த குன்றுகளெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றக் காரணம் இயற்கையன்று. முன்னர் அங்கே நின்றது காடு. அதனை வெட்டிக் கோப்பி நட்டனர். 1869 இற் கோப்பி இலையைத் தாக்கிய துருநோய் சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. காடு வெட்டியவர், கோப்பி நட்டவர், தெருவும் புகையிரதப் பாதையும் அமைத்தவர், தேயிலை பறித்தவர் யாவர்? தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ் மக்களே. மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை அவர் கால்நடையாய்க் கடந்து மாத்தளையை அடைந்தனர். பேதி நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் எண்ணிறந்தோர்.

1970 ஆம் ஆண்டளவில் எமது வகுப்பார் பூமிசாஸ்திர ஆசிரியருடன் நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் சென்றோம். வாவியைக் கண்டோம், பூங்காவைக் கண்டோம், குறிப்பேடுகளில் உயரங்களையும் ஆண்டுகளையும் எழுதினோம். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொள்ளவே, ஒரு தோட்டத்து லயத்தின் திண்ணையில் ஒதுங்கினோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் வாழக் கண்டோம். அவ்வீட்டு மூதாட்டி எம் அனைவர்க்கும் வெறுந்தேநீர் தந்தார். பின்னர், மடித்து வைத்த கடிதமொன்றை எடுத்துவந்து ஆசிரியரிடம் நீட்டினார்.

"வாத்தியாரய்யா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆசிரியர் இருமுறை வாசித்தார். "அம்மா, நீங்கள் பிரசாவுரிமை கேட்டு எழுதினதை ஏற்கேல்லை எண்டு எழுதிக்கிடக்கு" என்று மெல்லச் சொன்னார்.

"நான் பொறந்ததே இந்த மலையிலதாங்கய்யா" என்றார் மூதாட்டி. வேறொன்றும் கூறவில்லை. எமது வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

அன்று எமக்கு அதன் பொருள் விளங்கவில்லை. பிற்காலத்திலேயே வரலாற்றைப் படித்து அறிந்தோம். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதி மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு, 1948 இல், நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. தமிழ்க் காங்கிரசு பிளவுண்டு, 1949 இற் செல்வநாயகம் முதலியோர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியமைக்கு இவ்விடயமும் ஒரு காரணம். 1964 ஆம் ஆண்டுச் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களைக் கேட்டுச் செய்த பங்கீடன்று அது. 1977 இலேயே தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று, நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் உறுப்பினருள் ஒருவரானார். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கெல்லாம் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

அம்மூதாட்டியின் குடும்பம் கப்பலேறிற்றோ, மலையிலேயே தங்கிற்றோ, நாம் அறியோம். அவர் பெயரைக்கூட நாம் கேட்டோமல்லோம். உயரங்களையும் ஆண்டுகளையும் பிழையின்றி எழுதிய எம் குறிப்பேடுகளில் ஒருவரேனும் அத்திண்ணையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எம் ஊரவர் பலர் எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் வணிகராயும் மலைநாட்டிற் பொருளீட்டியவர். ஒரே மொழி பேசியும் அங்குள்ள மக்களைச் சற்று விலகி நின்றே நோக்கினோம் என்பதை இவ்விழாக்காலத்தில் ஒளிக்காது கூறுதல் கடனாகும். 2023 இல், அம்மக்கள் வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியை இன்றைய தலைமுறை மீண்டும் நடந்து காட்டியது.

ஆதலின், கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நீவிரும் ஒருநாள் நுவரெலியாவுக்குச் செல்வீர். வாவியிற் படகோட்டுங்கள், உலக முடிவிலே நின்று வியப்புறுங்கள், சீதையம்மனை வணங்குங்கள். பின்னர்க் கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவில் நிற்கும் அன்னையரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்தம் பெயரைக் கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாம் எழுதாது விட்ட வரி அதுவே.