பாக்கு போன இடத்துக்குப் பின்னாலேயே போவோமா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, எந்தப் பெட்டிக்கடையிலும் வெற்றிலைக் கூறு மடித்துத் தருவார்கள். அதிலுள்ள பாக்கு வாய்க்குள் போய் என்னதான் செய்கிறது? வாருங்கள், ஆய்வுகூடத்துக்குள்ளேயே நுழைந்துவிடுவோம்!

பாக்கு மெல்லும் ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் எடுத்த சின்னஞ்சிறு சதைத்துண்டு போமலினில் ஊறி, மெழுகில் உறைந்து, 4, 5 மைக்கிரோமீற்றர் தடிப்பில் சீவப்பட்டுக் கண்ணாடியில் ஏறுகிறது. அடுத்தது சாயம். கலக்கருக்கள் ஊதா, நார்கள் இளஞ்சிவப்பு. அந்த ஊதா, மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வருகிறது, தெரியுமா!

இப்போது நுணுக்குக்காட்டி. எல்லாரும் புற்றுக் கலத்தைத்தான் தேடுவார்கள். அதை விடுங்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கூத்தே அங்கேதான்! தளர்வாக இருக்க வேண்டிய அடியிழையம் முழுக்க இளஞ்சிவப்பு நார். பாக்கிலுள்ள அரிகொலின் நாரரும்பர்க் கலங்களை முடுக்கிவிட, அவை கொலாஜனைக் குவிக்கின்றன. பாக்கில் செம்பும் தாராளம். கொலாஜன் நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதியத்துக்கு அந்தச் செம்பேதான் தேவை! கன்னம் விறைக்கிறது, உறைப்புப் பட்டால் எரிகிறது, ஒரு கவளம் சோற்றுக்குக்கூட வாய் சரியாகத் திறக்காது. இது இன்னும் புற்றல்ல, புற்றாக மாறக்கூடிய நிலை. புகையிலை போடாவிட்டால் பயமில்லை என்பவர்களுக்கு: வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவதும் வாய்ப்புற்றுத்தான்.

புற்று வந்துவிட்டாலோ, அது தனியாக வேலை செய்வதே இல்லை! பக்கத்து நாரரும்பர்களைத் தன் பக்கம் சேர்க்கிறது. அவை நாரை அறுத்து வழிவிடுகின்றன. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. கொல்ல வந்த வெண்குழியங்களுக்கு ‘நில்’ என்று சைகை காட்டுகிறது. வெண்குழியங்களை நிறுத்திவைக்கும் இந்தக் கடிவாளத்தை அவிழ்க்க வழிகாட்டிய அலிசன், ஹொன்ஜோ இருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு.

அக்கம்பக்கம் முக்கியம் என்பது புதிய எண்ணமல்ல. இலண்டன் டொக்டர் ஸ்டீபன் பெஜற் 735 மார்புப் புற்று மரணங்களின் பதிவுகளைப் புரட்டி 1889 இலேயே எழுதிவிட்டார்: புற்றுக் கலம் என்ற விதை எங்கும் போகலாம், ஒத்த மண்ணில்தான் முளைக்கும். வயல் செய்யும் நம் அம்பாறைக்கு இதை விளக்கவா வேண்டும்!

கடைசியாக, புற்று முன்னேறும் விளிம்பு. கலங்கள் கூட்டமாகத் தள்ளுகின்றனவா, ஒன்றிரண்டாகப் பிரிந்து நுழைகின்றனவா என்று பார்த்து, இறங்கிய ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதுகிறார் நோயியல் டொக்டர். 2 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் சின்னப் புண்ணானாலும், 5 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் கட்டியின் நிலை ஒரு படி ஏறிவிடும்.