இடம்பெயர்வு அல்ல, இடமாற்றம்: வேலைக்காகக் குடிபெயரும்போது வீடு தேடுவது எப்படி?

எமது பெண்களுக்கு வீடு மாறுவது புதிய விடயமல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டுக் கைக்குழந்தைகளுடன் நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 2009இல் வன்னியின் கடைசிக் கிராமங்களிலிருந்து வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் கூடாரங்களில் மாதக் கணக்கில் வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அந்தப் பயணங்கள் ஒன்றிலேனும் எங்கே போவது என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. ஷெல் விழாத இடமும், தலைக்கு மேல் ஒரு தறப்பாளும் கிடைத்தால் போதும் என்றிருந்தோம்.

இன்று வேறொரு வகைப் பயணம் தொடங்கியிருக்கிறது. கணவரை இழந்த, அல்லது கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்கள் படித்து, பயிற்சி பெற்று, கொழும்பில் வேலை கிடைத்துப் பிள்ளைகளுடன் புறப்படுகிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் சகோதரிகள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கொழும்பில எந்தப் பக்கம் வீடு பார்க்கிறது அக்கா?”

கேள்வி சிறியது. ஆனால் பெண் தலைமை தாங்கும் ஒரு குடும்பத்தில் அந்த வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதைப் பல சமயங்களில் இந்தத் தெரிவுதான் முடிவுசெய்கிறது.

ஒரு தாயின் நான்கு மாதங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். பம்பலப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. வாடகை குறைவு என்று உறவினர் ஒருவர் சொன்னதால், களனி கங்கைக்கு அப்பால் வத்தளைப் பக்கம் வீடு எடுத்தார். வீடு நல்ல வீடு. கிணறு, முற்றம், மாமரம் எல்லாம் இருந்தன. ஆனால் காலை ஆறு மணிக்கு முன் அவர் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டியிருந்தது. பாலத்தடி வாகன நெரிசலைக் கடந்து, புறக்கோட்டையில் பஸ் மாறி அலுவலகம் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். திரும்பி வரவும் அவ்வளவு.

மகள் பிற்பகல் 2 மணிக்குப் பாடசாலையால் வருவாள். தாய் வரும்போது ஏழு மணி. இடைப்பட்ட ஐந்து மணித்தியாலமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தம்பியுடன் பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள். ஒருநாள் தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். அயலில் யாரையும் தெரியாது. தொலைபேசியில் அழுத பிள்ளையிடம் தாய் வந்து சேர இரண்டு மணித்தியாலம் சென்றது. நான்காவது மாதம் அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

அந்தத் தாயிடம் திறமைக் குறைவு இருக்கவில்லை. வத்தளையும் வாழத் தகாத இடமல்ல. வத்தளையிலோ ராகமையிலோ வேலை கிடைத்திருந்தால் அதே வீடு அவருக்குப் பொன்னான வீடாக இருந்திருக்கும். வீட்டுக்கும் அவருடைய நாளுக்கும் பொருத்தம் இருக்கவில்லை. இதுவே நான் சொல்லவரும் விடயம்.

முதலில் ஒரு நாளை வரையுங்கள்

வீடு தேடுவதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் மூன்று புள்ளிகளைப் போடுங்கள். ஒன்று வேலைத்தலம், மற்றொன்று பாடசாலை, மூன்றாவது வீடு. இந்த முக்கோணம் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் வாழ்க்கை இலகுவாகும். மூன்றும் அருகருகே அமையாவிட்டால், வீடும் பாடசாலையுமாவது அருகில் இருக்கட்டும். பெரியவர் பஸ்ஸில் தொங்கலாம். சிறுபிள்ளை தொங்க முடியாது.

பின்னர் அதே தாளில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்? பாடசாலை விடும் நேரத்துக்கும் நீங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கும் இடையில் பிள்ளையுடன் இருப்பவர் யார்? பிள்ளைக்குச் சுகமில்லை என்று பாடசாலையிலிருந்து அழைத்தால், அரை மணித்தியாலத்துக்குள் போகக்கூடியவர் யார்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயராவது எழுதமுடியாத இடத்தில் வீடு எடுக்கவேண்டாம். அம்மம்மாவோ சித்தியோ கூட வருவாரானால் உங்கள் தெரிவு விரியும். யாரும் இல்லையென்றால் அது சுருங்கும். கணவன் மனைவி இருவர் உள்ள குடும்பம் செய்யும் கணக்கை எமது கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருவழிப் பயணம் ஒன்றரை மணித்தியாலம் என்றால் நாளுக்கு மூன்று மணித்தியாலம். மாதம் 22 வேலைநாள் என்றால் 66 மணித்தியாலம். குறைந்த வாடகையில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். அதற்கு மேல் பஸ் காசு, ஸ்கூல் வான் காசு, மழைநாளில் ஓட்டோக் காசு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

எமது சனம் வாழும் பகுதிகள்

வெள்ளவத்தையும் தெஹிவளையும் காலி வீதியோரமாக அமைந்தவை. 100, 101 இலக்க பஸ்கள் அடிக்கடி ஓடும். கரையோர ரயில் கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று நிற்பதால், அலுவலகம் இந்தப் பாதையில் இருந்தால் நெரிசலில் அகப்படத் தேவையில்லை. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயமும், பம்பலப்பிட்டியில் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் கொழும்பு இந்துக் கல்லூரியும் உள்ளன. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் வெள்ளவத்தையில்தான். களுபோவில வைத்தியசாலை கிட்ட உள்ளது. ஊருக்குப் போகும் இரவு பஸ்களும் வெள்ளவத்தையிலிருந்து புறப்படுகின்றன. இத்தனை வசதியும் இருப்பதால் வாடகை அதிகம். பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். தனி வீடு கட்டுப்படியாகாது என்றால், ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸ் அல்லது மேல்மாடி அறைகளைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆகியவை கொழும்பின் வடபகுதியில் உள்ளன. புறக்கோட்டை, கோட்டைப் பக்கம் வேலை என்றால் இவை மிகக் கிட்ட. விவேகானந்தா கல்லூரி, நல்லாயன் கன்னியர் மடம் போன்ற பாடசாலைகள் கொட்டாஞ்சேனையில் உள்ளன. சாமான் வாங்கவும் வசதி. நெருக்கமான வீடுகள், குறுகிய ஒழுங்கைகள் என்பதால் தண்ணீர், மலசலகூட வசதிகளை நேரில் பார்த்த பின்பே பேச்சை முடிக்கவேண்டும்.

வத்தளை, ஹெந்தளை கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தவை. இடவசதி கூடிய வீடுகளை இங்கே தேடலாம். பாலத்தைக் கடக்காமல் வேலைக்குப் போகக்கூடியவர்களுக்கும், வீட்டில் இன்னொரு பெரியவர் இருப்பவர்களுக்கும் இப்பகுதி பொருந்தும். பெரிய அரச வைத்தியசாலை ராகமையில் உள்ளது.

மலிவான வாடகையின் மறுபக்கம்

வாடகை திடீரென்று மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். களனி கங்கையை அண்டிய கொலன்னாவ, வெல்லம்பிட்டி, வத்தளைப் பகுதிகளில் தாழ்வான ஒழுங்கைகள் பல உண்டு. 2016 மே மாதத்து வெள்ளத்தில் கொலன்னாவப் பக்கத்து வீடுகள் பல கூரை மட்டும் தெரிய நீரில் மூழ்கின. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து வந்த குடும்பம், சேர்த்த தளபாடத்தையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மீண்டும் தண்ணீரில் இழக்கக்கூடாது. பக்கத்துக் கடைக்காரரிடம் “வெள்ளம் எதுவரை வந்தது?” என்று கேட்டால் சுவரைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

மின்சாரத்தையும் விசாரியுங்கள். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாகக் கூடும் முறை இருப்பதால், ஒரே மீற்றரை இரண்டு மூன்று குடும்பங்கள் பாவித்தால் எல்லோருக்கும் நட்டம். தனி மீற்றர் உள்ள வீடே நல்லது. இல்லாவிட்டால் எப்படிப் பங்கிடுவது என்பதை முன்கூட்டியே பேசி ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். முற்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பக் கிடைக்கும், எத்தனை மாத முன்னறிவித்தல் என்பனவும் எழுத்தில் இருக்கவேண்டும். தரகரின் வாய்வார்த்தையை நம்பிக் காசு கொடுக்கவேண்டாம்.

பாடசாலை முதலில், வீடு பிறகு

பிள்ளை முதலாம் தரத்துக்குரியதென்றால், ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் முந்திய ஆண்டிலேயே கோரப்படும். பாடசாலைக்கு அருகில் வசிப்பதற்குப் புள்ளிகள் உண்டு. ஆனால் அதை வாக்காளர் இடாப்பு, வீட்டு ஆவணங்கள் கொண்டு நிரூபிக்கவேண்டும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இதில் புள்ளிகள் குறைவாகவே கிடைக்கும். மற்றத் தரங்களில் வெற்றிடம் இருந்தால்தான் அனுமதி. ஆகவே பெயர்பெற்ற ஒரே கல்லூரியை நம்பி அதனருகே அதிக வாடகைக்கு வீடு எடுப்பதற்கு முன், அதிபரை நேரில் கண்டு இடம் உண்டா என்று உறுதிசெய்யுங்கள். பிள்ளையின் விடுகைப் பத்திரத்தையும் தேர்ச்சி அறிக்கைகளையும் ஊரிலிருந்து புறப்படும்போதே கையோடு கொண்டுவாருங்கள்.

“கணவர் எங்கே?”

வீட்டுக்காரர் கேட்கும் இந்தக் கேள்விக்கு எமது பெண்கள் பலர் கூசுகிறார்கள். சிலர் “வெளிநாட்டில்” என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பொய் சொன்னால் அதைத் தினமும் காக்கவேண்டும்; பிள்ளைகளும் சேர்ந்து காக்கவேண்டும். “குடும்பத்தை நான்தான் பார்க்கிறன். இது என் நியமனக் கடிதம், இது அடையாள அட்டைப் பிரதி” என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் கேட்கும் உரிமை வாடகைக்கு விடுபவருக்கு இல்லை. தனியாக வாழும் பெண் என்று தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும் வீட்டுக்காரரானால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

கொழும்பு என்றால் பயம் இருப்பதும் இயல்பு. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டதை எவரும் மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்போம். இந்நாட்டில் விரும்பிய இடத்தில் வசிப்பது எமது உரிமை. அயல் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுடன் முதல் வாரத்திலேயே அறிமுகமாகுங்கள். கொஞ்சம் சிங்களம் பழகுங்கள். ஆபத்து நேரத்தில் முதலில் கதவைத் திறப்பது அயலவரே. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929 ஆகியவற்றைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

ஊரில் முடிக்கவேண்டியவை

கிராம சேவகரிடம் சொல்லாமல் புறப்படாதீர்கள். 2023 முதல் நடைமுறையிலுள்ள அஸ்வெசும போன்ற கொடுப்பனவு பெறுபவர்கள், முகவரி மாறினால் என்ன செய்யவேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ கைமாற்றவோ முடியாது. காடு பற்றவிடாமல் துப்புரவாக்க ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். காணாமற்போனோர் அலுவலகத்தில் முறைப்பாடு செய்திருந்தால் புதிய முகவரியை எழுத்தில் அறிவியுங்கள். ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த கடிதம் பூட்டிய வீட்டுப் படலையில் கிடக்கக்கூடாது.

எல்லாக் கணக்கும் பார்த்த பிறகு பொருந்தவில்லை என்றால், பிள்ளையை ஒரு வருடம் அம்மம்மாவிடம் விட்டு நீங்கள் மட்டும் பெண்கள் விடுதியில் தங்கி வேலையைத் தொடங்கலாம். அல்லது அந்த வேலையை வேண்டாமென்று சொல்லலாம். அதுவும் தோல்வியல்ல, உங்கள் தெரிவு.

சகோதரிகளே, முன்பெல்லாம் எங்களை விரட்டிய அவசரம் இன்று எங்கள் பின்னால் இல்லை. முதலில் கிடைத்த கூரைக்குள் ஓடிப் புகுந்த பழக்கத்தை விடுவோம். இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கி, காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்த ஒழுங்கையில் நடந்து பார்த்து, நாலு பேரிடம் விசாரித்த பின் சாவியை வாங்குங்கள். இந்த முறை போகும் இடத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள்.