செண்பகம் (வீட்டுத் தோட்ட வளர்ப்பு)

செண்பகம் அல்லது சண்பகம் என்பது மக்னோலியாசியே குடும்பத்தைச் சேர்ந்த, மணமிக்க மலர்களைத் தரும் பசுமைமாறா மரமாகும். இதன் தாவரவியல் பெயர் மக்னோலியா சம்பகா. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இயற்கையாக வளரும் இம்மரம், தமிழகத்தில் கோயில் நந்தவனங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. செம்போத்துப் பறவைக்கும் செண்பகம் என்ற பெயர் உண்டு. இக்கட்டுரை மரத்தைப் பற்றியது.

பெயரும் வகைப்பாடும்

லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இம்மரத்துக்கு மிக்கேலியா சம்பகா எனப் பெயரிட்டார். பின்னர் மிக்கேலியா பேரினம் மக்னோலியாவுடன் இணைக்கப்பட்டது. ஆகவே பழைய நூல்களில் முதற் பெயரே காணப்படும். மக்னோலியா என்ற பெயர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பியர் மக்னோலின் (1638–1715) நினைவாக இடப்பட்டது. "சம்பகா" என்பது இம்மரத்தின் இந்தியப் பெயரிலிருந்து வந்தது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்களுள் சண்பகமும் ஒன்று.

தோட்டங்களில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட செண்பகமும், வெண்ணிறப் பூக்களைக் கொண்ட வெண்செண்பகமும் காணப்படுகின்றன. வெண்செண்பகம் ஒரு கலப்பினம்; அரிதாகவே விதை தருவதால் ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் மக்னோலியா நீலகிரிக்கா என்ற காட்டுச் செண்பகம் வளர்கிறது.

விதையும் ஒட்டும்

செண்பகத்தின் காய்கள் கொத்தாகத் தோன்றி, முதிர்ந்ததும் வெடித்துச் செந்நிறச் சதை மூடிய விதைகளை வெளிக்காட்டும். பறவைகள் சதையை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. இவ்விதைகள் உலர்ந்தால் முளைக்குந்திறனை விரைவில் இழக்கின்றன. நெல், பயறு போன்றவற்றை உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் இதற்குப் பொருந்தாது. வெயிலில் காயவைத்து அடுத்த பருவத்துக்கென எடுத்து வைத்த விதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை.

விதைகளைச் சேகரித்தவுடன் நீரில் ஊறவைத்து, சதையைத் தேய்த்து நீக்கி, சில நாட்களுக்குள் விதைக்க வேண்டும். சதை முளைப்பைத் தடுக்கிறது, எறும்புகளையும் ஈர்க்கிறது. மணலும் மக்கிய உரமும் கலந்த நாற்றுப்படுகையை நிழலில் ஈரமாக வைத்திருக்க வேண்டும். முளைப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகலாம்.

விதைக்கன்றுகள் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றுகள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூக்கக்கூடும். உயரமும் குறைவாக இருப்பதால் சிறிய தோட்டங்களுக்கு ஏற்றவை. காடுகளில் செண்பகம் 30 மீட்டருக்கு மேலும் வளரும்.

நடுதல்

செண்பகத்தின் வேர்கள் சதைப்பற்றானவை, எளிதில் முறிபவை. வளர்ந்த கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பட்டுப்போக வாய்ப்பு அதிகம். எனவே முதலிலேயே நிலையான இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நடுவது நல்லது.

வடிகால் வசதியுள்ள, ஆழமான, மக்கு நிறைந்த மண் இதற்கு ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் கிடைக்காமல், நரம்புகள் பச்சையாக இருக்க இலைகள் மஞ்சளாகும். புதுக்கட்டடத்தின் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த இடிபாட்டு மண்ணில் நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற சமவெளி ஊர்களில் இம்மரத்துக்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று கோடை வெயில். மற்றொன்று வடகிழக்குப் பருவமழையின்போது களிமண் நிலத்தில் தேங்கும் நீர். நீர் தேங்கினால் வேர் அழுகும். அத்தகைய நிலத்தில் 60 செ.மீ. நீள அகல ஆழமுள்ள குழியை மேல்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றால் நிரப்பி, சுற்றியுள்ள தரையைவிடச் சற்று மேடாக்கி நட வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். ஒட்டுப் பகுதி மண்ணில் புதையக்கூடாது.

பராமரிப்பு

முதல் இரண்டு கோடைகளில் கன்றுக்கு மேல்நிழலும், வாரம் இருமுறையேனும் ஆழமாக நீரும் தேவை. காய்ந்த இலைகளை மூடாக்காக இட்டால் ஈரம் காக்கப்படும். ஆனால் அவை தண்டைத் தொடக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை தொழுவுரம் இடலாம். கடுமையாகக் கிளை வெட்டுவதைத் தவிர்த்து, காய்ந்த கிளைகளையும் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றையும் மட்டும் நீக்கினால் போதும். கீழ்த்துளிர்களை விட்டுவைத்தால் அவை ஒட்டுக்கிளையை மிஞ்சி வளர்ந்துவிடும்.

செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் தாக்கினால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். கிராபியம் அகமெம்னான் என்னும் பச்சைப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் இலைகளை உண்ணும். வளர்ந்த மரத்துக்கு இவற்றால் பெருந்தீங்கு இல்லை.

பயன்பாடு

செண்பகப் பூக்கள் இறைவழிபாட்டிலும், பெண்கள் தலையில் சூடவும், நறுமண எண்ணெய் எடுக்கவும் பயன்படுகின்றன. கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரம் நாகநாதசுவாமி கோயிலின் தலமரம் செண்பகமாகும்.