பூச்சியோடு பறவையையும் கொன்ற மருந்து

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் பகுதிகளில் பருத்தி, நிலக்கடலை, காய்கறி பயிரிடும் விவசாயிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்தைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. "மோனோ" என்று கேட்டாலே கடையில் எடுத்துத் தந்த காலம் உண்டு. விலை மலிவு; பலன் உடனே தெரியும். 2005-ல் காய்கறிப் பயிர்களுக்கு இதைத் தெளிப்பது தடை செய்யப்பட்டது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு இதன் 36 சத திரவ மருந்தை எல்லாப் பயிர்களுக்கும் தடை செய்து, இருப்பில் உள்ள சரக்கைத் தீர்க்க ஓராண்டு தவணை கொடுத்தது. அந்தத் தவணையும் முடிந்துவிட்டது. ஆயினும் கொட்டகை எரவாணத்தில் செருகி வைத்த பாதிப் புட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். இக்கட்டுரை அந்தப் புட்டியைப் பற்றியதே.

இம்மருந்து பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் பெருவாரியாகப் பயன்பட்ட டி.டி.டி. மண்ணிலும் உடல் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியது. பல நாடுகளில் பருந்து, கழுகு இனங்களின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. இந்தியாவில் 1989-ல் விவசாயத்தில் அதன் உபயோகம் தடை செய்யப்பட்டது. பாஸ்பரஸ் வகை மருந்துகள் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆகவே தீங்கு குறைவு என்று கருதப்பட்டது. சீக்கிரம் சிதைகின்றன என்பது உண்மை. தீங்கு குறைவு என்பது உண்மையல்ல. நாள்பட்டுக் கொல்லும் நஞ்சுக்குப் பதிலாக உடனே கொல்லும் நஞ்சு வந்தது, அவ்வளவுதான்.

நரம்புகள் தசைக்கு அனுப்பும் செய்தியை, வேலை முடிந்ததும் அழிப்பதற்கு உடலில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் இந்த நொதியை முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் ஓடும். தசைகள் துடித்து, ஓய்ந்து, மூச்சு நின்றுபோகும். அசுவினிக்கும் மைனாவுக்கும் மனிதனுக்கும் இந்த நொதி ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது. மேலும், இது இலையின் மேல் மட்டும் நிற்பதில்லை. செடியின் சாற்றில் கலந்து பரவும். தென்னைக்கு வேர் வழியாக இம்மருந்தைக் கட்டியபின் 45 நாள் வரை காய் பறிக்கலாகாது என்று முன்பு எச்சரிக்கப்பட்டதும் இதனால்தான்.

பறவைகளுக்கு மிகச் சிறிய அளவே போதும். அர்ஜென்டினாவில் 1995-96-ல் வெட்டுக்கிளியை ஒழிக்க இம்மருந்தைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஸ்வெய்ன்சன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கில் மடிந்தன. மொத்தச் சாவு 20,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அப்பருந்துகள் வெட்டுக்கிளியைத் தின்று விவசாயிக்கு உதவியாக இருந்தவை! நம் காட்டில் புழுவைப் பொறுக்கும் மைனா, கரிச்சான், கொக்கு ஆகியவற்றின் நிலையும் இதுவே.

விதைத்த நிலக்கடலையை மயில் கிளறுவது விவசாயிக்குப் பெரிய நஷ்டந்தான். அதற்காகத் தானியத்தில் மருந்தைக் கலந்து வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதே தானியத்தை வீட்டுக் கோழியும் தின்னும். முளைப்பு வரும்வரை காவல் இருப்பதும், வரப்பைச் சுற்றிப் பளபளக்கும் நாடா கட்டுவதும் மேல்.

மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரன் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். சமையல் எண்ணெய் மூலமாக அது கலந்தது.

இம்மருந்து இல்லாவிட்டால் விளைச்சல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. இலங்கை 1995-லேயே இதைத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டில் அங்கு தற்கொலைச் சாவு ஏறக்குறைய பாதியானது. நெல் விளைச்சல் குறையவில்லை. ஆத்திரத்தில் எடுக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமல் போனதே இதற்கு முக்கிய காரணம்.

பருத்தியில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப் புழுவுக்கு, கோடை மழை பெய்ததும் விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை அழிப்பது மருந்தைவிடச் சிக்கனம்.

மீதிப் புட்டி இருந்தால் கிணற்றிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. மூடியை இறுக்கி, பூட்டி வைத்து, வேளாண்மை உதவி அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். காலிப் புட்டியில் எண்ணெயோ தண்ணீரோ விதையோ வைக்கலாகாது. உடைத்து, வீட்டுக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

கண்மணி சுருங்குதல், வாயில் நீர் வழிதல், அதிக வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். உடைகளைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, மருந்தின் லேபிளோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதல் நாள் தேறியவருக்கும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடுவது உண்டு. இதை 1987-ல் இலங்கை மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே, நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசினாலும், மருத்துவர் அனுப்பும் முன் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது.