கடலோரத்தில் நாலு நாள் வீடு

நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால் போதும், நம் வீடுகளில் பெட்டி கட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்தில் போகிற ஊரில் உறவுக்காரர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்திரம். இப்போதோ செல்போனைத் தட்டினால் அடுப்பு, பாத்திரம், ஏ.ஸி. உள்பட முழு வீடே வாடகைக்கு வந்துவிடுகிறது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறவர்களும், ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி போகிறவர்களும், மணப்பாட்டில் கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறவர்களும் இப்படித்தான் வீடெடுக்கிறார்கள்.

முத்துக்கரைக்கு இது ஒன்றும் புதிதல்ல. முத்துச் சிலாபம் நடந்த நாட்களில் வெறும் மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஓர் ஊரே முளைக்கும். சிப்பி எடுத்து முடிந்ததும் ஊரும் மறைந்துவிடும். தூத்துக்குடியில் கடைசியாக 1961-ல் முத்துக் குளித்தார்கள். ஓலை போய்க் காங்கிரீட் வந்துவிட்டது. ஆனால் நாலு நாள் குடித்தனத்தில் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை: எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்த ஸ்விட்ச் எதற்கு என்று குடியிருப்பவருக்குத் தெரியாது.

போன சஷ்டிக்கு நாங்களும் போனோம். நான், என் கணவர், இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியோடு மாமியார். வீடு விசாலமாகத்தான் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் காவல்காரர் மாடிப்படிக்குக் கீழே இருந்த கிரில் கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"சாவி எங்களிடம் இருக்கட்டுமே?" என்றேன்.

"கவலைப்படாதீங்கக்கா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து தொறந்துருதேன்" என்றார் சாவதானமாக.

ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அசையாத இரும்புக் கம்பி. திருடனுக்குப் பயந்து நம்மை நாமே சிறை வைத்துக்கொள்கிறோம்! எனக்கு ஏர்வாடி நினைவு வந்தது. இதே மன்னார் வளைகுடாக் கரையில், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஓர் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓட வழியில்லாமல் மாண்டார்கள். அந்தச் சங்கிலியும் இந்தப் பூட்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். புகை சூழ்ந்த அறையில் இருப்பவருக்கு என்ன வித்தியாசம்? பெரும்பாலும் நெருப்பு வந்து சேருமுன் புகையே ஆளை மயக்கிவிடும். சாவி தேட அவகாசம் இருக்காது.

அன்றிரவு சாவியை வாங்காமல் நான் விடவில்லை. என் கணவர் சங்கடத்தில் நெளிந்தார். நெளியட்டும்!

அடுத்தது சமையலறை. ஊருக்குப் போன இடத்திலும் நமக்கு டிகாக்ஷன் நம் கைப்படத்தான் இறங்க வேண்டும், இல்லையா? 2023 ஆகஸ்டு 26 விடிகாலையில் மதுரை ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டரால் வந்த வினை. ஒன்பது உயிர்கள் போயின.

வாடகை வீட்டுச் சிலிண்டர் எத்தனை பேர் கை மாறியதோ! அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் பக்கத்தில் வருஷமும் இருக்கும். வருஷத்தை நாலு காலாண்டாகப் பிரித்த கணக்கு அது. சி 27 என்றால் 2027 செப்டம்பர் வரைக்கும் செல்லும். அதற்குப் பிறகு அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கடற்கரை வீட்டில் உப்புக்காற்று ரெகுலேட்டரையும் அடுப்பின் குமிழையும் அரித்துத் தின்கிறது. குமிழ் இறுகிப்போயிருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். வாசலுக்கு வந்தபின் டெலிபோனில் 1906. தீயே பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

சஷ்டி விரதக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. அகல் விளக்கைத் திரைச்சீலைக்கு அருகே ஏற்றிவிட்டுக் கோயில் வரிசையில் போய் நிற்காதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து வீடுதோறும் புகை கண்டால் அலறும் கருவிகள் இருக்க வேண்டும். ஒன்று அலறினால் வீட்டிலுள்ள அத்தனையும் அலறும்படி இணைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் அப்படி ஒரு கருவியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். ஊறுகாய் ஜாடிக்கு இடம் இருக்கும்போது இதற்கா இல்லை?

வாங்கிய சாவியைப் படுக்கை அறைக் கதவருகே ஓர் ஆணியில் மாட்டி, குழந்தைகளை இருட்டில் ஒரு தடவை மாடிப்படி இறங்க வைத்தேன். நாற்பது விநாடி ஆயிற்று. மாமியாருக்கு மூன்று நிமிஷம். மறுநாளே என் கணவர் அவர் படுக்கையைக் கீழ் அறைக்கு மாற்றினார்.

"இது நேற்றே தெரிந்திருந்தால் என் முழங்கால் பிழைத்திருக்கும்" என்றார் மாமியார்.